பார்வதி அக்காவுக்கு நான் கொடுத்த எண்ணெய்

இதை எழுத ஒன்பது வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். மூன்று முறை நோட்டு வாங்கினேன். ஒன்றில் பேத்தி படம் வரைந்து தீர்த்துவிட்டாள். ஒன்று ஜெபக்கூட்டப் பாட்டுகளுக்குப் போய்விட்டது. மூன்றாவதில் முதல் பக்கத்தில் சிலுவை போட்டு "இயேசுவுக்கே புகழ்" என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. எழுதினால் என் தப்பு வெளியே வரும். அதைவிடப் பெரிய பயம், இவன் கோயில் எண்ணெயைக் குறை சொல்கிறான் என்று எங்கள் பங்கு மக்களே நினைத்துவிடுவார்களோ என்பது.

நான் படித்தது மூன்றாம் படிவம் வரைதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார், பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் வளர்ந்தோம். இருபத்துநாலு வயதில் கோலாலம்பூரில் ஒரு பெரிய அரசாங்க மருத்துவமனையில் அட்டெண்டனாகச் சேர்ந்தேன். துணி வெளுக்கும் இடத்தில் கொஞ்ச நாள், வார்டில் கொஞ்ச நாள், பிறகு ஓய்வு பெறும் வரை அறுவைக்கூடத்தில். மயக்கத்தில் இருப்பவரைக் குலுக்காமல் தூக்குவது, முழங்கைக்கும் குதிகாலுக்கும் பஞ்சு வைப்பது, ரத்தத்தில் நனைந்த துணிகளைக் கம்பியில் தொங்கவிட்டு எடை போட்டுச் சொல்வது, ரத்த வங்கிக்கு ஓடுவது, வெட்டி எடுத்ததை லேப்பில் கொண்டுபோய்க் கொடுப்பது. இதுதான் என் வேலை. இப்போது மனைவியோடு கிள்ளானில் இருக்கிறேன்.

கடைசிப் பதினைந்து வருஷம் ரத்தக்குழாய் அறுவைப் பிரிவில் டாக்டர் வத்சலாவின் கீழ் வேலை செய்தேன். போர்ட் கிள்ளானில் பிறந்தவர், அவர் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆள் குட்டை. மேசை உயரத்துக்கு நிற்க ஒரு மரப்படி வேண்டும். அதை எடுத்துப் போடுவதுதான் காலையில் என் முதல் வேலை. இரண்டு விரல் இடது பக்கம் தள்ளிப் போட்டாலும், "அண்ணே, நான் எங்க நிக்கிறேன்னு உங்களுக்கு மறந்துபோச்சு," என்பார். அவ்வளவுதான், திட்டமாட்டார்.

மற்ற டாக்டர்கள் ஆபத்து வந்தால் குரலை உயர்த்துவார்கள். இவர் இறக்குவார். ரத்தம் கட்டுக்கு அடங்காத நேரத்தில் அவர் பேசுவது காதில் விழ நாங்கள் குனிய வேண்டும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. காலையில் நோயாளியை மயக்குவதற்கு முன்னால் எல்லோரையும் நிற்கவைத்து, இன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வார். தரை துடைக்கும் ஆளும் நிற்க வேண்டும். ஒரு தடவை ஒரு சின்ன டாக்டர் சிரித்துவிட்டார். இவர் திரும்பிப் பார்த்து, "ஆளைத் தொடுற எல்லாருக்கும் உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். டாக்டர் மட்டுமா தொடுறாங்க?" என்றார்.

பெரிய ரத்தக்குழாயில் கட்டி வருவது ரொம்ப அபூர்வம். நான் இருந்த காலத்தில் பார்த்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதலில் பார்த்தது செராஸிலிருந்து வந்த ஒரு டாக்சி டிரைவருக்கு. மூளைக்குப் போகும் குழாய் கழுத்தில் இரண்டாகப் பிரியும் இடத்தில் கட்டி. டாக்டர் எங்களுக்கு விளக்கினார்: "மரக்கவட்டையில பிசின் ஒட்டியிருக்குல்ல, அது மாதிரி. மரத்துல கீறல் படாம பிசினை மட்டும் எடுக்கணும்." நாலு மணி நேரம் உரித்து உரித்து எடுத்தார். நடுவில் ஒரு தடவை குரல் இறங்கியது, பிறகு பழையபடி ஏறியது. டிரைவர் கண் விழித்ததும் நாக்கை நீட்டச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், ஏதாவது பேசச் சொன்னார். அந்த ஆள் கரகரத்த தொண்டையோடு, "என்ன பேசறது டாக்டர், மீட்டர் போடவா?" என்று கேட்டார்.

"நாக்கு நேரா வருது, சேட்டையும் வருது. வார்டுக்குக் கொண்டுபோங்கண்ணே," என்றார் டாக்டர்.

இனி பார்வதி அக்கா.

போர்ட் கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்துக்கொண்டிருந்தவர். ஐம்பது தாண்டிய வயது. ஒரு வருஷமாக இரண்டு காலும் வீக்கம். நின்று வேலை செய்தால் வீங்கத்தான் செய்யும் என்றார்கள், உப்பைக் குறை என்றார்கள். காப்பாரில் இருந்த அவருடைய அக்கா லெட்சுமி வந்து வந்து காலைத் தேய்த்து விட்டார். லெட்சுமி அக்கா பிள்ளை பெற்ற பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதில் அந்தப் பக்கத்தில் பேர் எடுத்தவர். வீக்கம் இறங்கவில்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

காலிலிருந்தும் வயிற்றிலிருந்தும் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய குழாய் ஒன்று முதுகெலும்பு ஓரமாக மேலே ஏறுகிறது. கட்டைவிரலைவிடக் கனம். அதன் சுவரிலேயே கட்டி முளைத்து, சாக்கடைக் குழாய்க்குள் மரவேர் புகுந்து வளர்கிற மாதிரி உள்ளுக்குள்ளேயே மேலே ஏறியிருந்தது. அதன் நுனி ஈரலுக்குக் கீழே நின்றது. நுனி மிருது, உடைந்தால் ஒரே ஓட்டமாக இதயம், அங்கிருந்து நுரையீரல். "அப்புறம் எனக்கு அஞ்சு நிமிஷம்கூட கிடைக்காது," என்றார் டாக்டர்.

அதனால் அவர் ஒரு கட்டளை போட்டார். பார்வதி அக்காவின் வயிற்றை யாரும் அழுத்தக் கூடாது. பரிசோதிக்க வரும் டாக்டர் மாணவர்கள்கூடத் தொடக் கூடாது. மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டச் சொன்னார். தமிழில் எழுதியது நான்தான். மார்க்கர் பேனாவால் பெரிதாக "வயிற்றை அழுத்தக் கூடாது" என்று எழுதி, நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினேன்.

அறுவைக்கு இரண்டு நாள் முன்னால், வேலை முடிந்து வார்டுப் பக்கம் போனேன். பார்க்க வரும் நேரம். பார்வதி அக்கா, "உள்ள போனா வெளிய வருவேனாண்ணே?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. என் லாக்கரில் எப்போதும் எங்கள் கோயில் திருவிழாவில் மந்திரித்த எண்ணெய் சின்னப் போத்தலில் இருக்கும். எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் இந்துக்கள்தான், ஆனால் நம் ஊரில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள். போத்தலை லெட்சுமி அக்கா கையில் கொடுத்தேன்.

"நெத்தியில சிலுவை போடுங்க. வயித்துலயும் தடவுங்க. நம்பிக்கையா செய்ங்க," என்றேன்.

நான் எழுதிய தாள் கட்டிலுக்கு ஒரு முழம் மேலே சுவரில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அந்தத் தாள் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் என்று என் மனதில் இருந்தது. ஜெபம் பண்ணித் தடவுவதை அழுத்துவது என்று நான் நினைக்கவில்லை. இதற்கு மேல் எனக்குச் சாக்குச் சொல்லத் தெரியவில்லை.

அறுவை நாள் காலை டிரோலியோடு போனேன். விரிப்போடு சேர்த்து நாலு பேர் மெதுவாக இழுத்து மாற்றினோம், வயிற்றுப் பக்கம் கையே போகவில்லை. போர்வையை விலக்கியபோது எண்ணெய் வாசம் அடித்தது. இரண்டு சொட்டு வாசமாகத் தெரியவில்லை. மேலாடை வயிற்றில் நனைந்து ஒட்டியிருந்தது.

லெட்சுமி அக்கா லிப்ட் வரைக்கும் கூடவே வந்தார். முகத்தில் நிம்மதி. "அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு நாளும் தேச்சு விட்டேன். நர்ஸ் வந்தா திரையை இழுத்துக்குவேன். கீழேருந்து மேல, நல்லா அமுக்கி, பிள்ளை பெத்தவளுக்குச் செய்வோமே அப்படி. வலிக்குதுன்னா. வலிச்சாத்தான் கெட்டது போகும்டின்னேன்."

கீழேயிருந்து மேலே. எது மேலே போகக் கூடாது என்று ஒரு பிரிவே பயந்துகொண்டிருந்ததோ அதே திசையில்.

லிப்ட் கதவு மூடியது. அறுவைக்கூடம் மூன்று மாடி கீழே. அந்த நேரத்தில் எனக்குள் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். பென்ஷன் நினைவுக்கு வந்தது. தலைமை நர்ஸான மேட்ரன் முகம் வந்தது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, மேசையில் படுக்கவைத்ததும் எப்படியும் மருந்து போட்டுக் கழுவுவார்கள் என்று தோன்றியது. டிரோலியில் கிடந்த காஸ் துணியை எடுத்து, ஆடைக்கு வெளியே தெரிந்த எண்ணெயை மெதுவாகத் துடைக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

பார்வதி அக்கா என்னைப் பார்த்து, "ஏண்ணே துடைக்கிறீங்க? சாமி எண்ணெய்தானே," என்றார்.

துணியைக் கீழே வைத்தேன். லிப்ட் நின்றது.

காலைக் கூட்டத்தில் எட்டுப் பேர் நின்றோம். டாக்டர் படத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தார். நான் கையைத் தூக்கினேன். பதினைந்து வருஷத்தில் அந்தக் கூட்டத்தில் நான் வாய் திறந்ததில்லை. எண்ணெய் கொடுத்தது, லெட்சுமி அக்கா தேய்த்தது, லிப்டில் நான் துடைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். மலாய்க்காரத் தாதி சிஸ்டர் நோராவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் முகத்தைப் பார்த்தே கையிலிருந்த தட்டை வைத்துவிட்டார்.

"எத்தனை தடவை?" டாக்டரின் குரல் இறங்கிவிட்டது.

"ரெண்டு நாள் டாக்டர்."

"எவ்வளவு அழுத்தம்?"

"தெரியல டாக்டர்."

தொப்பியோடு அப்படியே வெளியே நடந்தார். நானும் பின்னால் போனேன். அதற்குள் கீழே இறங்கி வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த லெட்சுமி அக்கா எழுந்தார். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் முன்கையை அவர் மடியில் நீட்டினார். "அக்கா, தங்கச்சி வயித்துல எப்படித் தேச்சீங்களோ அதே மாதிரி என் கையில தேச்சுக் காட்டுங்க."

அக்காவுக்கு ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. லேசாகத் தடவினார்.

"குறைச்சுக் காட்டாதீங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். எனக்கு உண்மையான அழுத்தம் தெரியணும்."

லெட்சுமி அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். கையை எடுத்தபோது டாக்டர் கையில் நாலு விரல் தடம் வெள்ளையாக நின்று, பிறகு சிவந்தது. டாக்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நன்றிக்கா," என்று சொல்லி எழுந்து உள்ளே வந்தார். இதயம் பார்க்கும் ஸ்கேன் மெஷினைக் கொண்டுவரச் சொன்னார்.

பார்வதி அக்காவை உட்காரவைக்காமல், திருப்பாமல், நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் படம் படிக்கத் தெரியாது. ஆனாலும் தெரிந்தது. இதயத்தின் வாசலில் ஏதோ ஒன்று நாக்கு நுனி மாதிரி ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே வந்து உள்ளே போனது. இரண்டு வாரத்துக்கு முந்திய படத்தில் அது ஒரு சாண் கீழே இருந்தது. பழைய திட்டப்படி, ரத்தத்தை நிறுத்த ஈரலுக்குக் கீழே இடுக்கி போட்டிருந்தால் கட்டியின் மேலேயே போட்டிருப்பார்கள்.

டாக்டர் திட்டத்தை மாற்றினார். இதய டாக்டர் வேண்டும், உடம்புக்கு வெளியே ரத்தத்தை ஓட்டும் மெஷின் வேண்டும். அந்தக் குழு வேறொரு கேஸில் இருந்தது, மதியம்தான் வர முடியும். அதுவரை பார்வதி அக்கா அசையக் கூடாது, இருமக் கூடாது, எழுந்து உட்காரக் கூடாது.

"சவரி அண்ணே, நீங்க பக்கத்துல இருங்க," என்றார் டாக்டர்.

என்னை வெளியே அனுப்புவார் என்று நினைத்திருந்தேன். "நானா டாக்டர்?"

"உங்க பேச்சைக் கேப்பாங்கன்னுதான் தெரிஞ்சுபோச்சே. அசையாம படுக்கச் சொல்லுங்க."

மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். முதல் அரை மணி நேரம் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரே கேட்டார், "என்னண்ணே, ஏதும் கோளாறா?"

டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொன்னேன். "அந்த எண்ணெயை நான் கொடுத்திருக்கக் கூடாதுக்கா. தேய்ச்சதுல உங்க கட்டி மேல ஏறிடுச்சோன்னு பயப்படுறாங்க. மன்னிச்சிடுங்க."

கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க தடவச் சொன்னீங்க. எங்கக்காவுக்குத் தடவத் தெரியாதுண்ணே. அவ கை உலக்கை. ரொட்டி சானாய்க்கு மாவு பிசையற மாதிரி பிசைஞ்சா. நானும் பேசாமத்தானே கிடந்தேன்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "மூக்கு அரிக்குது. சொறிஞ்சு விடுங்க. அமுக்காம," என்றார்.

சொறிந்து விட்டேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"ஜெபம் பண்ணுறதுன்னா பண்ணுங்கண்ணே. கையை மட்டும் பாக்கெட்ல வச்சுக்குங்க."

அப்படியே செய்தேன். கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஜெபமாலை முழுதும் சொன்னேன்.

மதியம் ஆரம்பித்தார்கள். நெஞ்செலும்பைத் திறந்து, கீழே தொப்புள் தாண்டி வரைக்கும் ஒரே கோடாகத் திறந்தார்கள். ஈரலை மெதுவாகப் புரட்டி ஒதுக்கினார்கள். அந்தப் பெரிய குழாயைக் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் நீல ரப்பர் நாடாவால் சுற்றி வைத்தார்கள், கட்டிக்குக் கீழே ஒன்று, சிறுநீரகத்திலிருந்து வரும் கிளைகளுக்கு ஒவ்வொன்று. மெஷின் ஓட ஆரம்பித்ததும் ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய் இன்னொன்றில் திரும்பி வந்தது. இதய டாக்டர் இதயத்தின் மேல் அறையைத் திறந்தார். நுனி அங்கே இருந்தது, என் பெருவிரல் அளவு, கருஞ்சிவப்பாக. அவர் மேலேயிருந்து இரண்டு விரலால் அதைத் தாங்கிப் பிடித்தார். வத்சலா டாக்டர் கீழேயிருந்து குழாயின் சுவரோடு சேர்த்து வெட்டிக்கொண்டு வந்தார்.

ஒரு கட்டத்தில் பின்பக்கமிருந்து ரத்தம் கொட்டியது. நான் துணிகளை எடை போட்டு எடை போட்டுச் சொன்னேன், ரத்த வங்கிக்கு இரண்டு தடவை ஓடினேன். டாக்டரின் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. சிஸ்டர் நோரா அவர் முகமூடிக்குப் பக்கத்தில் காதை வைத்து, கேட்டதை எடுத்துக் கொடுத்தார். பிறகு "வந்துருச்சு" என்ற சொல் மட்டும் கேட்டது. முழுசாக, ஒரே துண்டாக வந்தது.

வெட்டிய இடத்தில் வளையம் வைத்த வெள்ளைச் செயற்கைக் குழாய் ஒன்றை வைத்துத் தைத்தார்கள். இடுக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்ததும் வெள்ளைக் குழாய் உள்ளே ரத்தம் ஏறிக் கருத்தது. தையலில் ஒரு இடம் கசிந்தது. இன்னொரு தையல் போட்டார். கசிவு நின்றது. எல்லோரும் இரண்டு நிமிஷம் சும்மா நின்று அதையே பார்த்தோம்.

கட்டி என் மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளம் இருந்தது. கீழே வெளிர் நிறம், அழுத்தமான ரப்பர் மாதிரி. மேலே மிருது. டப்பாவில் போட்டு, பெயர் ஒட்டி, நான்தான் லேப்புக்குக் கொண்டுபோனேன்.

நாலாம் நாள் டாக்டர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். "ரிப்போர்ட்ல எல்லாம் எழுதிட்டேன். உங்க பேரும் இருக்கு."

"சரிங்க டாக்டர். ஒண்ணு கேக்கலாமா? எண்ணெய் தேய்ச்சதாலதான் ஏறுச்சா?"

"தெரியாது. ரெண்டு வாரத்துல அதுவா மேல வளர்ந்தும் இருக்கலாம், நுனியில ரத்தம் உறைஞ்சும் நீண்டிருக்கலாம். தேய்ச்சதும் காரணமா இருக்கலாம். எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க." போகத் திரும்பியவர் நின்று, "அன்னிக்குக் காலையில சொன்னீங்க பாருங்க, அது தெரியும். சொல்லலேன்னா நான் பழைய படத்தை நம்பித்தான் திறந்திருப்பேன்," என்றார்.

மேட்ரன் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வேலை நேரத்துக்கு வெளியே வார்டுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். பார்வதி அக்கா அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தார். மூன்று வருஷம் கேண்டீனுக்கும் போனார். பிறகு நுரையீரலில் கட்டி வந்தது. அவருடைய காரியத்துக்குப் போயிருந்தேன்.

இதை என் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு போயிருப்பேன். சில மாதத்துக்கு முன்னால் கிள்ளானில் ஒரு ஜெபக்கூட்டத்தில், எனக்குப் பழக்கமில்லாத ஒரு தம்பி எழுந்து சாட்சி சொன்னார். போர்ட் கிள்ளானில் ஒரு பெண்ணை டாக்டர்கள் கைவிட்டார்களாம். மந்திரித்த எண்ணெயை வயிற்றில் தேய்த்தார்களாம். கட்டி இதயம் வரைக்கும் ஓடி, அங்கே கரைந்துபோனதாம். கத்தியே வைக்கவில்லையாம். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். நானும் பழக்கத்தில் பாதி சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் ஜெஞ்சாரோமிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் சிலிப்பருக்குள் போகாத அளவுக்கு வீங்கியிருந்தது. என் காதோரம் வந்து, "அண்ணே, அந்த எண்ணெய் எங்க கிடைக்கும்? அடுத்த வாரம் ஸ்கேன் இருக்கு. அதுக்குள்ள தேய்ச்சுப் பார்த்துட்டா ஸ்கேனுக்கே போக வேணாம்லா," என்றார்.

எழுந்து நின்றேன். என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருந்தாலும் இங்கே எழுதியதை அப்படியே சொன்னேன். சாட்சி சொன்ன தம்பி, "அங்கிள், நம்பிக்கையைக் கெடுக்காதீங்க," என்றார். இரண்டு மூன்று பேர் எழுந்து போனார்கள். அடுத்த வாரம் ஜெஞ்சாரோம்காரரை நானே ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். கட்டி இல்லை. காலில் ரத்தம் உறைந்திருந்தது. அதையும் அழுத்தித் தேய்த்திருந்தால் ஆபத்து என்று அந்த டாக்டர் சொன்னார். மருந்தில் இருக்கிறார்.

எனக்கு இன்றைக்கும் விசுவாசம் இருக்கிறது. காலையில் நெற்றியில் எண்ணெய் வைத்துத்தான் வெளியே கிளம்புகிறேன். பார்வதி அக்காவைக் கடவுள்தான் காப்பாற்றினார் என்று நம்புகிறேன். எந்த வழியாகக் காப்பாற்றினார் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான், அதனால் அதை மாற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

உங்களுக்கும் அந்த உரிமை இல்லை என்று தாழ்மையோடு சொல்கிறேன். இதை வாசிக்கிறவர்கள் கோயிலிலோ, வாட்சாப்பிலோ, சாப்பாட்டுக் கடையிலோ தாராளமாக யாருக்கும் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். டாக்டர்கள் கைவிடவில்லை. கட்டி கரையவில்லை, வெட்டி எடுத்தார்கள், நான் கையில் தூக்கிப்போனேன். எண்ணெய் அதை நகர்த்தியதா என்பது தெரியாது, தெரியாது என்றே சொல்லுங்கள். கதை நீளமாக இருக்கிறதென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள், படிப்பையும் ஊரையும் எடுத்துவிடுங்கள். போத்தலைக் கொடுத்தவன் தப்புச் செய்தான் என்ற ஒரு வரியை மட்டும் யாரும் எடுத்துவிடாதீர்கள்.